பாலத்துக்கு அந்தப் பக்கம் யாருக்கு? பாம்பன் கருவாட்டு பிராண்ட் ஒன்று கைமாறிய விவகாரம்

பாம்பனில் ஒரு குடும்பம். நெத்திலி, சூடை, காரல் எல்லாம் காயப்போட்டு, ஓலைப்பெட்டியில் சுமந்துபோய் ராமநாதபுரத்தில் விற்றவர் அந்த வீட்டு அம்மா. ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 2012-ல் மூத்த மகன் அந்தப் பட்டப்பெயரையே லேபிளில் அடித்து, கருவாட்டைக் கால் கிலோ பாக்கெட்டாகப் போட ஆரம்பித்தார். தங்கை கணவர், மண்டபம் பக்கம் தனக்கிருந்த களத்தைக் காயப்போடக் கொடுத்துப் பங்குதாரராகச் சேர்ந்தார். மகன் தன் மகளின் படிப்புக்காகக் கோயம்புத்தூர் பக்கம் போய்விட முடிவு செய்தபோது, மதுரையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் அந்த பிராண்டை விலைக்குக் கேட்டார். 2024 மே மாதம் பத்திரம் எழுதினார்கள். விற்பனை உண்மையில் முடிவதற்கு அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். அதனால் பெயர்களையும் தொகையையும் விட்டுவிட்டேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சட்டம் சம்பந்தப்பட்டது எதையும் மாற்றவில்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விலையிலும் தகராறு கிடையாது. ஒரு கருவாட்டு பாக்கெட்டின் மேல் நாலைந்து பேருடைய உரிமை இருந்தது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர். பிரச்சினை முழுக்க அதுதான்.

பத்திரம்

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வரத்து குறைந்து கையிருப்பு தீரும் நேரம், பணமும் முடைப்படும் நேரம். அவசரத்தில் வழக்கமான பத்திர எழுத்தரிடமே போனார்கள். அவர் நிலக் கிரயத்துக்கு வைத்திருந்த மாதிரியை எடுத்து, சர்வே நம்பர் இருந்த இடத்தில் பிராண்டின் பெயரைப் போட்டுவிட்டார். 'சர்வ சுதந்திர பாத்தியத்துடன்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' எல்லாம் இருந்தது. ஒரு பத்தியில் மரங்களுக்கும் கிணற்றுக்கும் உரிமைகூட இருந்தது. ட்ரேட்மார்க் பதிவு எண் இல்லை. எந்த வகுப்பில், அதாவது எந்தப் பொருள் வகையில், பதிந்தது என்பது இல்லை. குட்வில்லும் (தொழில் சம்பாதித்த நற்பெயரும் வாடிக்கையும்) சேர்த்து விற்கிறாரா, பெயரை மட்டுமா என்ற பேச்சே இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் முதலில் கடித்தது. 1999-ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டத்தில் பெயரை குட்வில்லோடும் விற்கலாம், குட்வில் இல்லாமலும் விற்கலாம். 38-ஆம் பிரிவு இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் புழக்கத்தில் உள்ள ஒரு பெயரை குட்வில் இல்லாமல் விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் மனுப் போட்டு, கைமாற்றத்தை எப்படி விளம்பரம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வாங்க வேண்டும். கூடுதலாக மூன்று மாதம் வரை அவகாசம் கேட்கலாம். அதையும் தாண்டினால் கைமாற்றம் செல்லாது. இது 42-ஆம் பிரிவு. மதுரைக்காரர் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் புது லேபிள் அடிக்கக் கொடுத்துவிட்டார். ஏழாவது மாதம் அவருடைய ஆடிட்டர் தற்செயலாகக் கேட்ட பிறகுதான் கோப்பு வெளியே வந்தது.

நம்மூரில் பெரும்பாலோர் நினைப்பது பத்திரம் எழுதினால் சொத்து மாறிவிடும் என்பது. ட்ரேட்மார்க் அசையாச் சொத்து இல்லை. அதைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்குப் பட்டா மாதிரி இருப்பது சென்னை கிண்டியில் உள்ள ட்ரேட்மார்க் பதிவேடு. டிஎம்-பி படிவத்தில், இணையவழி என்றால் ஒரு மார்க்குக்கு 9,000 ரூபாய் கட்டி, வாங்கியவர் தன் பெயரை அதில் ஏற்ற வேண்டும். அந்த விண்ணப்பம் போகிறவரை, விஷயம் தெரியாமல் அதே பெயரை இன்னொருவர் விலைக்கு வாங்கியிருந்தால், அவருக்கு எதிராக உங்கள் பத்திரம் நிற்காது. 45-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. இந்த விவகாரத்தில் அப்படி மூன்றாவது ஆள் யாரும் முளைக்கவில்லை. அது அதிர்ஷ்டம்தான்.

2024 டிசம்பரில் டிஎம்-பி போனது. கூடவே 42-ஆம் பிரிவின் கீழ் அவகாச மனுவும். ஒன்பது மாதக் கெடுவுக்குள் அடங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தபோது தங்கை கணவரின் வக்கீலிடமிருந்து ஆட்சேபம் வந்தது.

மிச்சம் பிடித்த 4,500

அவர் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் பெயர் மச்சானுடையதா, கூட்டுத் தொழிலுடையதா?

பதிவேட்டில் உரிமையாளராக இருந்தது மூத்த மகன், தனிநபராக. 2018-ல் விண்ணப்பித்தபோது நடந்தது சாதாரண விஷயம். 2017 விதிகளின்படி இணையவழி விண்ணப்பத்துக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. கூட்டு நிறுவனத்தின் பெயரில் போட்டால் சிறுதொழில் சான்றிதழ் கேட்பார்கள், அது அப்போது கையில் இல்லை. 'உங்க பேர்லயே போட்டுருவோம், பாதிக் காசு மிச்சம்' என்று யாரோ யோசனை சொல்ல, சரி என்றுவிட்டார்.

ஆனால் அந்த 4,500 ரூபாய் போனது நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து. பாஸ்புக்கில் ஒரு வரி. தேதியும் தொகையும் விண்ணப்ப ரசீதோடு அப்படியே பொருந்தின. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நிறுவனத்தின் பணத்தில் வாங்கிய சொத்து, வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியாதவரை, நிறுவனத்துக்காக வாங்கியதாகவே கருதப்படும் என்கிறது. குட்வில்லும் நிறுவனச் சொத்துதான் என்று அதே பிரிவு சொல்கிறது. பில் புத்தகம், லேபிள் அச்சடித்த செலவு, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் நிறுவனத்தின் பெயரில் இருந்தன. பதிவுச் சான்றிதழ் மட்டும் தனி ஆள் பெயரில்.

மதுரைக்காரரின் தரப்பு வைத்த எதிர்வாதம்: நிறுவனம் பதிவு செய்யப்படாதது, 69-ஆம் பிரிவின்படி அது வழக்கே போட முடியாது. அந்தப் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்கவும், கலைந்த நிறுவனத்தின் சொத்தைத் திரும்பப் பெறவும் வழக்குப் போடுவதைத் தடுக்கவில்லை. என்னைக் கேட்டால், 69-ஐ நம்பி இறங்கியிருந்தால் மதுரைக்காரர் தோற்றிருப்பார்.

கைமாற்றத்தின் செல்லுபடியே தகராறில் இருந்தால், உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் தீர்மானிக்கும்வரை பதிவாளர் பெயர் மாற்றத்தை ஏற்க மறுக்கலாம். ஆக, கிண்டியில் வண்டி நின்றுவிட்டது. வழக்கு என்று போனால் மாவட்ட நீதிமன்றம்; அதற்கு முன்னால், அவசர இடைக்காலத் தடை எதுவும் கேட்காத பட்சத்தில், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவுப்படி சமரசம் முயன்றே ஆக வேண்டும். மூன்று லட்சத்துக்குக் குறையாத மதிப்புள்ள வணிகத் தகராறுகளுக்கு இது பொருந்தும்; அறிவுசார் சொத்தும் கூட்டாண்மையும் இரண்டுமே அந்தப் பட்டியலில் உள்ளவை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக சமரசத்துக்கு உட்கார்ந்தார்கள். அங்கே ஏற்படும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்புக்குரிய பலம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தீவு எனக்கு, கரை உனக்கு

தங்கை கணவருக்கு ராமேஸ்வரத்தில் ஒரு ஸ்டால் இருந்தது. யாத்திரை வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது கருவாடு வாங்கிப் போவார்கள். அவருக்கு அந்த ஸ்டால்தான் முக்கியம். மதுரை சூப்பர் மார்க்கெட் அலமாரி பற்றி அக்கறை இல்லை. முதல் அமர்விலேயே அவர் சொன்னது இது: 'தீவுக்குள்ள நான் வித்துக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர் வித்துக்கட்டும். மச்சானுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல.'

மதுரைக்காரர் உடனே சரி என்றார். மூத்த மகனும் சரி என்றார். நிலமாக இருந்தால் அங்கேயே கல் நட்டு அளந்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்.

ட்ரேட்மார்க்கை அப்படிப் பிரிக்க முடியாது. இந்தியாவின் ஒரு பகுதியில் ஒருவருக்கும் இன்னொரு பகுதியில் வேறொருவருக்கும் அதே பெயரில் தனியுரிமை உண்டாகிற மாதிரி கைமாற்றம் செய்யக் கூடாது என்கிறது 41-ஆம் பிரிவு. பொதுநலனுக்கு விரோதமில்லை என்று பதிவாளருக்குத் திருப்தி ஏற்பட்டால் அனுமதிக்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் வாங்கிய பாக்கெட்டும் மதுரையில் வாங்கிய பாக்கெட்டும் ஒரே முகம், ஒரே பெயரோடு, வெவ்வேறு ஆளிடமிருந்து வரும் என்றால், அதில் பொதுநலன் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒன்றில் மணல் கடித்தால் பழி இரண்டின் மேலும் விழும். வாங்குகிறவர் குழம்பக் கூடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படையே. பொருளை வைத்துப் பிரிக்கலாமா, நெத்திலி எனக்கு, திருக்கை உனக்கு என்று? அதற்கும் 40-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது: ஒரே மாதிரியான பொருளில் ஒரே பெயர் இரண்டு கையில் இருந்து மக்களை மயக்கும் என்றால் அந்தக் கைமாற்றம் செல்லாது.

இரண்டு அமர்வு இந்த இடத்திலேயே சுற்றியது. கடைசியில் கிடைத்த வழி எளியது. முழு உரிமையும் மதுரைக்காரருக்குப் போகட்டும். ராமேஸ்வரம் ஸ்டாலுக்கு அவர் உரிமம் கொடுக்கட்டும். உரிமம் பெற்றவர் உரிமையாளரின் தரக் கட்டுப்பாட்டுக்குள் அதே பெயரில் விற்கலாம்; அவர் விற்பது உரிமையாளர் விற்பதாகவே கணக்கில் சேரும். இதில் எல்லை வகுக்கத் தடையில்லை, ஏனென்றால் உரிமை பிரியவில்லை. ஐந்து வருஷ உரிமம், ராமேஸ்வரம் தீவுக்குள் சில்லறை விற்பனை மட்டும், வருஷத்துக்கு ஒரு சிறு தொகை.

தரக் கட்டுப்பாடு என்ற வார்த்தைக்குத்தான் தங்கை கணவர் முகம் சுளித்தார். 'நான் போட்ட களத்துல அவரு வந்து மணல் தட்டிப் பார்ப்பாராமா?' நியாயமான கோபம். ஆனால் அந்த விதி இல்லாத உரிமம் வெற்றுத்தாள். கட்டுப்பாடில்லாமல் யாரோ விற்றுக்கொண்டிருந்தால் நாளைக்கு அந்தப் பெயரின் பதிவையே ஒருவர் எதிர்த்துக் கேட்கலாம். மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது, காய்ந்த பதமும் உப்பும் மணலும் மட்டும் பார்ப்பது என்று எழுதி ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

முகம்

இப்போது அந்த லேபிள். காதில் தண்டட்டி, தலையில் ஓலைப்பெட்டி, பக்கவாட்டில் பார்க்கும் ஒரு முகம், கோட்டோவியம். 2012-ல் ராமநாதபுரத்தில் பிளக்ஸ் டிசைன் செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர், அம்மாவின் ரேஷன் கார்டு போட்டோவைப் பார்த்து வரைந்தது. கையில் காசு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை, ஒப்பந்தம் இல்லை.

காசு கொடுத்து வரைந்தது, ஆகவே படம் நம்முடையது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957 அப்படிச் சொல்லவில்லை. 17-ஆம் பிரிவில், படைத்தவரே முதல் உரிமையாளர். வேலைக்கு இருக்கும் ஆள் வேலையின் பாகமாகச் செய்தால் முதலாளிக்குப் போகும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், ஓவியம், உருவப்படம் போன்ற சிலவற்றில் சொன்னவருக்குப் போகும். கம்ப்யூட்டரில் போட்ட ஒரு லேபிள் டிசைன் அந்தப் பட்டியலில் அடங்குமா என்று வாதாடலாம். வாதாட வேண்டியிருக்கிறது என்பதே வாங்குகிறவருக்கு ஆபத்து. இந்த இளைஞர் யாரிடமும் சம்பளத்தில் இல்லை. எனவே ட்ரேட்மார்க் ஒருவர் கையிலும், அதிலிருக்கும் படத்தின் பதிப்புரிமை வேறொருவர் கையிலும் பன்னிரண்டு வருஷமாக இருந்தது. வரைந்தவர் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும் அது நீடிக்கும்.

அவர் இப்போது பரமக்குடியில் கடை வைத்திருக்கிறார். தேடிப்போய்க் கேட்டபோது பேராசைப்படவில்லை. நியாயமான ஒரு தொகை கேட்டார், கொடுத்தார்கள். எழுத்தில் வாங்கியபோது கவனித்தது 19-ஆம் பிரிவை. பதிப்புரிமைக் கைமாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தாலொழிய, அது காலாவதி. வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பும் யோசனை மதுரைக்காரருக்கு இருந்ததால், முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும், ஒரு வருஷ விதி பொருந்தாது என்றும் மூன்று வரியில் தனித்தனியாக எழுதினார்கள். பழைய பத்திரத்தின் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' இந்த மூன்று வரியில் ஒன்றைக்கூட ஈடுசெய்திருக்காது.

அம்மா விஷயம் வேறு. மூன்றாவது அமர்வுக்கு அவரை அழைத்து வந்திருந்தார்கள். பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மகனிடம் கேட்டார்: 'என் மூஞ்சிய விக்கிறதுக்கு என்னையக் கேட்டியாடா?' மருமகனிடம் திரும்பி, 'மாப்பிள்ளை, நீங்களும்தான் கேக்கல' என்றார். அப்புறம் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்து, 'நான் என்னைக்குத் தண்டட்டி போட்டேன்?' என்று ஒரு கேள்வி. அறையில் எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரோ உருவமோ வந்து, அவரோடு தொடர்பிருப்பதாகத் தவறான எண்ணம் தரும் மார்க்குக்குப் பதிவாளர் அவரது எழுத்துபூர்வ சம்மதம் கேட்கலாம் என்கிறது ட்ரேட்மார்க் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. இறந்து 20 ஆண்டுக்குள் என்றால் வாரிசின் சம்மதம். மகன் கையில் இருந்தவரை அந்தத் தொடர்பு பொய்யில்லை. மதுரைக்காரர் கைக்குப் போனபின் அந்த முகம் யாரைக் குறிக்கிறது? அம்மா சம்மதக் கடிதம் கொடுத்தார், ஒரு வரம்போடு: கருவாட்டுக்கு மட்டும். மசாலாப் பொடிக்குத் தன் முகம் போகக் கூடாது. மிளகாய்ப் பொடியில் கலப்படம் செய்வார்கள் என்பது அவர் கட்சி. வாங்கியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்.

மிளகாய்ப் பொடியும் மற்றவையும்

மசாலா சும்மா வந்த பேச்சில்லை. கருவாடு 29-ஆம் வகுப்பு, மசாலாப் பொடி 30-ஆம் வகுப்பு. மூத்த மகன் 2023-ல் மீன் குழம்புப் பொடிக்காக 30-ல் இன்னொரு விண்ணப்பம் போட்டிருந்தார். அது நிலுவையில் இருந்தது, பழைய பத்திரத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. இணைந்த மார்க்குகள் (ஒரே ஆளின் ஒத்த பெயர்கள்) என்று பதிவாளர் குறித்துவிட்டால் ஒன்றை மட்டும் பிரித்து விற்க முடியாது, சேர்ந்தேதான் போக வேண்டும். அதனால் புதுப் பத்திரத்தில் இரண்டையும் எண்ணோடு எழுதி, நிலுவை விண்ணப்பத்துக்கு டிஎம்-எம் படிவத்தில் விண்ணப்பதாரரை மாற்றினார்கள்.

பொடி பாக்கெட்டில் 'ராமநாதபுரம் முண்டு மிளகாய்' என்று பெரிதாக இருந்தது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. பிராண்டோடு அதுவும் தன் கைக்கு வந்துவிட்டதாக மதுரைக்காரர் நினைத்திருந்தார். புவிசார் குறியீட்டை யாரும் யாருக்கும் விற்க முடியாது. 1999-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, கைமாற்றம், உரிமம், அடமானம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தடுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் (அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிந்துகொண்டவர்) இறந்தால் அவர் உரிமை வாரிசுக்குப் போகும், அவ்வளவுதான். மூத்த மகன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவே பதிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விளைவிப்பவர் மட்டுமல்ல, பதப்படுத்துபவரும் பாக்கெட் போடுபவரும் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் வருவதால், மதுரைக்காரர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். முதுகுளத்தூர், கமுதி பக்கத்து முண்டுதான் உள்ளே இருக்கிறது என்று கொள்முதல் ரசீதோடு காட்ட வேண்டும்.

உப்புப் பக்குவத்தை எழுதி வாங்க மதுரைக்காரர் ரொம்பவே ஆசைப்பட்டார். இந்தியாவில் வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தம்தான். எந்த மீனுக்கு எத்தனை மணி நேரம் உப்பில் வைப்பது, எப்போது திருப்பிப் போடுவது என்பது களத்தில் வேலை பார்க்கும் ஏழெட்டுப் பெண்களுக்கும் தெரியும். அவர்கள் நாளை வேறு களத்துக்குப் போனால் யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மகனை மட்டும், குட்வில்லை விற்றவர் என்ற முறையில், ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் மூன்று வருஷம் பாக்கெட் கருவாட்டுத் தொழில் செய்யக் கூடாது என்று கட்டினார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் தடையைச் செல்லாது என்றாலும், குட்வில்லை விற்றவருக்கு நியாயமான எல்லைக்குள் விதிவிலக்குத் தருகிறது.

உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பெயரோடு போகாது; வாங்கியவர் தன் எண்ணை வாங்கி அச்சடிக்க வேண்டும். வாட்ஸ்அப் ஆர்டர் வரும் நம்பர் மகனின் சொந்த சிம். அதை மாற்றிக் கொடுக்க அவர் தயங்கினார். மாதக்கணக்கில் அந்த நம்பருக்கு வரும் ஆர்டரை அனுப்பிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கொடுத்தார்.

வரியில் ஒரு கணக்கு. ஓடும் தொழிலை முழுதாக விற்றால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பெயரை மட்டும் தனியாக விற்றால் ஜிஎஸ்டி உண்டு. களம் மருமகனிடமே தங்கியதால் முழுத் தொழில் விற்பனை என்று சொல்ல வழியில்லாமல் போனது. தானே உருவாக்கிய பெயருக்குக் கொள்முதல் விலை பூஜ்யம் என்பதால் வந்த தொகை முழுவதும் மூலதன ஆதாயம். மகனுக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

புதுப் பத்திரம்

2025-ல் எழுதிய உறுதிப் பத்திரத்தில் விற்பவராக மகன், ஒப்புக்கொள்பவராக மருமகன், கூட்டு நிறுவனம் கலைந்ததைப் பதிவு செய்யும் தனிப் பிரிவு, இரண்டு மார்க்கின் எண்ணும் வகுப்பும், குட்வில்லோடு சேர்த்தே விற்பனை என்ற வாசகம். விற்பனைத் தொகையில் மருமகனின் பங்கு தனிக் காசோலை. அம்மாவின் சம்மதக் கடிதமும் ஓவியரின் பதிப்புரிமைப் பத்திரமும் இணைப்பு. முத்திரைக் கட்டணத்தைச் சரியாகக் கட்டினார்கள். குறைவாகக் கட்டிய பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, பதிவேட்டிலும் கேள்வி வரும். மருமகன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார், பெயர் மாறியது.

ஒரு விஷயம் மட்டும் இழுபறியில் இருக்கிறது. ராமேஸ்வரம் ஸ்டாலில் வாங்கி, ஐம்பது நூறு பாக்கெட்டாக பஸ்ஸில் ஏற்றிப் போகிறவர்கள் உண்டு. அது சில்லறையா மொத்தமா? உரிமத்தில் எண்ணிக்கை எழுதவில்லை. ஒரு பில்லுக்கு இருபத்தைந்து பாக்கெட் என்று மதுரைக்காரர் எழுதி அனுப்பியிருக்கிறார். ஐம்பது வேண்டும் என்று மருமகன் நிற்கிறார்.